கைது செய்யாத போலீஸ்

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல ஒரு சின்ன வாக்குவாதம். "வேணும்னே போய் அரெஸ்ட் ஆகறதெல்லாம் டிராமா மச்சி. சாயங்காலம் விட்டுடுவாங்கன்னு ரெண்டு பக்கத்துக்கும் தெரியும்" என்றான் நண்பன். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கு. நம்ம ஊர்ல மறியல்னா கல்யாண மண்டபம், பொட்டலத்துல லெமன் சாதம், மாலையில் விடுதலை, மறுநாள் பேப்பரில் நாலு வரி. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

ஆனா காந்தி இந்த வித்தையைப் பழகின தென்னாப்பிரிக்காவில் கதையே வேற. அவருடைய போராட்டத்தைக் கிட்டத்தட்டக் கவிழ்த்ததும், பிறகு தூக்கி நிறுத்தியதும் இதே கைதுதான்.

1907-ல் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிவு செய்யணும்னு சட்டம். பதிவு செய்யாதே, ஜெயிலுக்குப் போ என்றார் காந்தி. நடுவில் ஒரு சமரசம் வந்து முறிந்தது. 1908 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு மசூதி வளாகத்தில் பதிவுச் சான்றிதழ்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். பாடப்புத்தகம் இதோட நிறுத்திக்கும். அதுக்கப்புறம் நடந்தது அவ்வளவு அழகில்லை. மொத்தமே சுமார் 13,000 இந்தியர்கள். அவங்களுக்குள்ள 2,500 தடவைக்கு மேல் சிறைத்தண்டனை. கூடை சுமந்து காய்கறி விற்ற ஏழைத் தமிழர்கள் திரும்பத் திரும்ப உள்ளே போனார்கள். நாகப்பன் என்ற இளைஞனுக்கு 1909 ஜூனில் வெறும் 10 நாள் தண்டனை. அங்கே அது கடுங்குளிர் காலம். வெளியே வந்த சில நாளில் நிமோனியாவில் செத்துப் போனான்.

வசதியான வியாபாரிகள் ஒவ்வொருத்தரா நழுவ ஆரம்பிச்சாங்க. 1910-ல் சிறைக்குப் போனவர்களின் குடும்பங்களுக்குச் சோறு போடவே கஷ்டம். கல்லன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை வந்ததே அதனாலதான். கூடைக்காரர் உள்ளே இருந்தால் ஸ்மட்ஸுக்குத் தூக்கம் கெடாது. கூடைக்காரர் வீட்டில்தான் அடுப்பு எரியாது. இந்தக் கட்டத்தில் என் நண்பன் அங்கே இருந்திருந்தா, "நான்தான் அப்பவே சொன்னேனே"ன்னு சொல்லியிருப்பான்.

1913-ல் ரெண்டு விஷயம் சேர்ந்தது. கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்று ஒரு தீர்ப்பு. அதோட பழைய 3 பவுண்ட் வரி. ஒப்பந்தம் முடிந்த கூலி நேட்டாலில் தங்கணும்னா வருஷா வருஷம் கட்டணும். ஒப்பந்தக் கூலியின் ஆரம்பச் சம்பளம் மாசம் 10 ஷில்லிங். கணக்குப் போட்டுப் பாருங்க, ஆறு மாசச் சம்பளம் அப்படியே வரிக்கு!

இந்த முறை பெண்களும் இறங்கினார்கள். கஸ்தூரிபா இருந்த குழுவை எல்லையில் பிடித்து மூணு மாசம் கடுங்காவல் போட்டாச்சு. டால்ஸ்டாய் பண்ணையில் இருந்திருந்த 11 பெண்களை மட்டும் (பெரும்பாலும் தமிழர்கள், சிலர் கைக்குழந்தையோட) யாரும் பிடிக்கலை. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டினார்கள், லைசென்ஸ் இல்லாமல் தெருவில் கூவி விற்றார்கள். போலீஸ் கண்டுக்கவே இல்லை. இந்தப் போராட்டத்துக்குத் தீனி போடக்கூடாதுன்னு நினைத்திருந்தால், என்னைக் கேட்டா, அது ரொம்பப் புத்திசாலித்தனமான முடிவு.

ஆனா வெளியே விட்டதுதான் வினை. அந்தப் பெண்கள் நேட்டாலுக்குள் போய், நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் 3 பவுண்ட் வரியைப் பற்றி அவங்க பாஷையிலேயே பேசினார்கள். சுரங்கம் சுரங்கமாக வேலை நின்றது. அக்டோபர் 21-ல்தான் அரசு விழித்துக்கொண்டு அவர்களைக் கைது செய்தது. அதற்குள் வேலைநிறுத்தம் பற்றிக்கொண்டுவிட்டது. பெண்களைப் பிடித்த செய்தி அதில் எண்ணெய் ஊற்றியதுதான் மிச்சம்.

நவம்பர் 6-ம் தேதி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகளோடு காந்தி டிரான்ஸ்வாலுக்கு நடந்தார். ஆளுக்குத் தினம் ஒண்ணரை பவுண்ட் ரொட்டி, கொஞ்சம் சர்க்கரை. கூட்டத்தைப் பிடிக்காமல் விட்டால் பசியில் தானாகக் கரைந்துவிடும் என்பது ஸ்மட்ஸ் கணக்கு. காந்தியை மட்டும் நாலு நாளில் மூணு தடவை கைது செய்தார்கள். கூட்டம் கரையலை. கடைசியில் எல்லோரையும் பிடித்து ரயிலில் ஏற்றி நேட்டாலுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

இங்கேதான் எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. சர்வருக்கு ஒரு கொள்ளளவு இருக்கில்லையா, ஜெயிலுக்கும் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், இத்தனை பேரும் ஜெயிலில் உட்கார்ந்தால் நிலக்கரியை யார் வெட்டுவது? அரசு கண்டுபிடித்த வழி, சுரங்கங்களையே சிறைக் கிளைகளாக அறிவிப்பது! சுரங்க அதிகாரிகளே வார்டர்கள். சவுக்கடி கொடுத்து உள்ளே இறக்கப் பார்த்தார்கள். அந்தச் சேதி பரவ, கடற்கரைப் பக்கம் கரும்புத் தோட்டங்களும் நின்றன. துப்பாக்கிச் சூட்டில் சிலர் செத்தார்கள். மெட்ராஸில் வைஸ்ராய் ஹார்டிங்கே இவர்களுக்கு ஆதரவாகப் பேச வேண்டி வந்தது. 1914-ல் வரி ஒழிந்தது, திருமணங்கள் செல்லும் என்றும் ஆனது.

ஆக 1909-லும் கைது, 1913-லும் கைது. முதல் தடவை உள்ளே போனவர்கள் இல்லாமலும் அரசு ஓடியது. ரெண்டாவது தடவை ஓடலை. நண்பனிடம் இதைச் சொன்னேன். "அப்போ ஜெயிச்சது ஸ்ட்ரைக்கா, ஜெயிலா?" என்றான். ஸ்ட்ரைக்தான் என்று நினைக்கிறேன். ஆனா ஜெயிலுக்குத் தயாரான அந்த 11 பேர் இல்லாமல் அது தொடங்கியிருக்குமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

தில்லையாடி வள்ளியம்மை இந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போனவள்தான். காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-ல் இறந்தாள். வயசு 16. எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் கட்டிடத்துக்கு அவள் பெயர். எத்தனையோ தீபாவளிக்கு அங்கே புடவை எடுத்த எங்க அம்மாவுக்கு அவள் யாருன்னு தெரியாது. பை தூக்கிக்கிட்டு கூடவே போன எனக்கும் தெரியாது.