குச்சிக்கிழங்கு ஏறிய மலை

இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து தடைபட்டதும், மலேயாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்த ஜவ்வரிசி நின்றுபோனது. 1943-ல் சேலத்தில் மரவள்ளியிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். இறக்குமதிக்குப் போன பணம் உள்ளூரில் தங்கியது.

மரவள்ளிக்கான தேவை பின்னாளில் கொல்லிமலைக்கும் ஏறியது. சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் குச்சிக்கிழங்கு என்று சொல்லப்படும் மரவள்ளி பரவியது. மண் ஒட்டிய கிழங்கு மூட்டைகள் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு இறங்குகின்றன. ரேஷன் அரிசி மேலே போகிறது. மலையாளிப் பழங்குடியினர் கையில் காசு புழங்கியது உண்மை. ஆனால் லாரி வாடகை, தரகு, அரைவைக் கூலி எல்லாம் சமவெளியின் வருமானம். நாடுகளின் அந்நியச் செலாவணிக் கணக்கிலும் இப்படித்தான்: சரக்கு விற்றாலும், கப்பல் கூலியும் காப்பீடும் அந்நியருடையதானால் அந்தப் பணம் வெளியேறிவிடும்.

சுற்றுலாவில் பணத்தின் ஓட்டம் எதிர்த்திசை. கொல்லிமலையின் ஆகாயகங்கை அருவிக்கு வரும் வெளிநாட்டவர் அறைக்கும் சாப்பாட்டுக்கும் தரும் காசு இந்தியாவின் சேவை ஏற்றுமதி. அவர் வாங்கிப்போகும் மிளகுப் பொட்டலமும் சேவை ஏற்றுமதியின் பயணக் கணக்கில்தான் ஏறுகிறது.