தீபாவளி நாளின் இரு நிகழ்ச்சிகள்

தீபாவளித் திருநாளில் நம் இல்லங்களில் விளக்கேற்றுவது பகவான் மகாவீரரின் பரிநிர்வாணத்தை நினைந்தே என்பதை நம் பெரியோர் நன்கறிவர். கி.மு. 527இல், ஐப்பசி அமாவாசை வைகறையில், பாவாபுரியில் பகவான் வீடுபேறு எய்தினார் என்பது மரபு. அந்நாளுக்கே உரிய மற்றொரு நிகழ்ச்சி ஏனோ அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. முதல் கணதரராகிய இந்திரபூதி கௌதமர் கேவலஞானம் பெற்றதும் அன்று மாலையில்தான்.

இவ்வொற்றுமை அத்துடன் நிற்கவில்லை. கௌதமர் முக்தியடைந்த நாளிலேயே சுதர்மர் கேவலியானார்; சுதர்மர் முக்தியடைந்த நாளிலேயே ஜம்புசுவாமி கேவலியானார் என்று யதிவிருஷபாசாரியரின் திலோயபண்ணத்தி வரிசைப்படுத்துகிறது. மூவர் காலமும் சேர்ந்து 62 ஆண்டுகள். இடையில் ஒரு நாளேனும் அறுபடாத தொடர் என்பதால் இவர்களை அனுபத்த கேவலிகள் என்பர். ஜம்புசுவாமியோடு அத்தொடர் முடிந்தது. அடுத்த 100 ஆண்டுகள் ஐந்து சுருதகேவலிகள் ஆகமம் முழுவதையும் நினைவிலேயே தாங்கினர்; அவர்களுள் இறுதியானவர் பத்திரபாகு.

நாள்கள் இவ்வளவு இசைந்து வருவதை வரலாற்று மாணவர் ஐயுறுவர், அது நியாயமே. ஆசிரியத் தொடர் அறவில்லை என்பதை வலியுறுத்த மரபு கையாண்ட முறையாகவும் இது இருக்கலாம். எனினும் பரிநிர்வாண நாளுக்கு ஒரு பழங்கணக்கு துணை நிற்கிறது. பகவான் முக்தியடைந்து 605 ஆண்டும் 5 திங்களும் கழிந்தபின் சக மன்னன் தோன்றினான் என்பர் நம் நூலோர். சக ஆண்டு கி.பி. 78இல் தொடங்குவது, பின்னோக்கி எண்ணினால் கி.மு. 527 கிடைக்கும். அந்த 5 திங்களையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஐப்பசி அமாவாசை முதல் பங்குனி அமாவாசை வரை சரியாக ஐந்து திங்கள். மறுநாள் சக ஆண்டுப் பிறப்பு. ஆண்டோடு நாளையும் மறவாதவர் வகுத்த கணக்கு இது. சகம் 705இல், அதாவது கி.பி. 783இல், ஜினசேனர் இயற்றி முடித்த ஹரிவம்ச புராணமும், அன்று பாவாபுரியில் ஒளிர்ந்த விளக்குகளையே மக்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் தீபாலிகைக்குக் காரணமாகக் கூறுகிறது.

தமிழகத்தில் தீபாவளி நரகசதுர்த்தசியை ஒட்டி வருவது. ஆகவே சில ஆண்டுகளில், ஊரார் பட்டாசு வெடித்து ஓய்ந்த மறுநாள் வைகறையில்தான் நமக்கு நிர்வாண பூசை. பண்டிகைதான் முடிந்துவிட்டதே, இன்று என்ன பூசை என்று கோவில்பதாகையிலும் ஆவடியிலும் வளரும் நம் சிறார் கேட்பது இயல்பு. அவர்களுக்குப் பாவாபுரியைச் சொல்லும்போது கௌதமரையும் சேர்த்துச் சொல்லலாம். அன்று மாலை அவர் பெயரால் இன்னொரு விளக்கை அவர்கள் கையாலேயே ஏற்றச் செய்யலாம்.