இதய மருந்து நஞ்சும் இன்சுலினும்: இரு மாற்றுமருந்துகளின் வரலாறு

முன்னுரை

கால்சியம் தடுப்பான், பீட்டா தடுப்பான் வகை மருந்துகள் இரத்தக் கொதிப்பைத் தணிக்க அன்றாடம் பயன்படுபவை. அளவு மிகுந்தால் இவையே துடிப்பைத் தளர்த்தி உயிரைப் பறிக்கும். இதற்கு உயர் அளவு இன்சுலின் மாற்றாக அமைந்த வரலாற்றை, இலங்கையின் அரளி நச்சு மருத்துவத்தோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இன்சுலினின் புதுப்பயன்

1921-இல் டொராண்டோவில் கண்டறியப்பட்ட இன்சுலின் நெடுங்காலம் நீரிழிவு மருந்தாகவே கருதப்பட்டது. 1962-இல் மெக்சிகோ மருத்துவர் சோடி பல்லாரஸ், மாரடைப்புக்கு இன்சுலின், குளுக்கோஸ், பொட்டாசியம் ஆகியவற்றைச் சேர்த்துப் பயன்படுத்துவது குறித்து எழுதினார். 1993-இல் ஜெஃப்ரி கிளைன் குழுவினர், வெரபமில் நஞ்சேறிய நாய்களில் இன்சுலின் பிற மருந்துகளினும் சிறந்து விளங்குவதைக் காட்டினர். 1999-இல் ஐந்து நோயாளிகளுக்கு இம்முறை பயனளித்த செய்தி வெளியானது.

இதன் அடிப்படை எளியது. நஞ்சேறிய இதயம் கொழுப்பை விடுத்துக் குளுக்கோஸை எரிபொருளாக நாடுகிறது. கால்சியம் தடுப்பானோ கணையத்தின் இன்சுலின் சுரப்பையும் குறைத்துவிடுகிறது. இக்குறையை வெளியிலிருந்து தரும் இன்சுலின் நிரப்புகிறது. நீரிழிவு அமிலமிகைக்கு மணிக்குக் கிலோ எடைக்கு 0.1 அலகு வழங்குவர். இங்கு 1 அலகு முதல் தேவைப்படுகிறது.

அரளியும் எதிர்ப்பொருளும்

மஞ்சள் அரளியின் நஞ்சு, டிஜாக்சின் என்னும் இதய மருந்தை ஒத்தது. 1980-களில் யாழ்ப்பாண மருத்துவமனையில் இந்நச்சுக்கு ஆளானோர் பெருகினர். அங்கிருந்து 170 நோயாளிகள் பற்றிய ஆய்வு 1988-இல் வெளிவந்தது. இந்நஞ்சு சோடியம்-பொட்டாசிய ஏற்றியை முடக்குவதால், இன்சுலின் பொட்டாசியத்தைத் தணிப்பினும் நஞ்சைப் பற்றி அகற்றுவதில்லை. அப்பணியைச் செய்வது செம்மறியாட்டிலிருந்து பெறப்படும் டிஜாக்சின் எதிர்ப்பொருள். கொழும்பில் 66 நோயாளிகளிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வு அதன் ஆற்றலை நிறுவியது. ஆயினும் விலை தாளாமையால் 2002-இல் அதன் வழங்கல் நின்றது. இறப்பு உயர்ந்ததை 2003-ஆம் ஆண்டுக் கட்டுரை பதிவுசெய்தது.

முடிவுரை

அறிவியல் மெய்ப்பித்த மருந்து விலையால் கைக்கெட்டாது போயிற்று. வேறு நோய்க்கென இருப்பிலிருந்த மருந்து புதுப்பயன் பெற்றது. எனினும் இன்சுலின் முறையும் மலிவானது அன்று. சர்க்கரையையும் பொட்டாசியத்தையும் இடைவிடாது அளந்துகொண்டிருக்கும் செவிலியரை அது வேண்டுகிறது. சின்னாளப்பட்டி போன்ற நெசவாளர் ஊரின் நோயாளிக்கு மருந்துப்புட்டி அருகில் இருப்பது மட்டும் போதாது. இரவு முழுவதும் கண்காணிக்கும் கைகளும் வேண்டும். ஆகவே மாற்றுமருந்தின் வரலாறு, கண்டுபிடிப்பின் வரலாறாக மட்டுமன்றி, அது யாருக்குக் கிட்டியது என்பதன் வரலாறாகவும் எழுதப்பட வேண்டும்.