குல்மார்க் போகும் சீருடை வழி

குமாரபாளையத்துக்கு அருகில் உயரமான மலை என்றால் சேர்வராயன்தான். அதன் உச்சி 1,623 மீட்டர். அங்கும் சறுக்கி விளையாடும்படி பனி படிவதில்லை. ஊரின் மேற்கே காவிரி, அக்கரையில் பவானி, இக்கரையில் விசைத்தறியும் சாயப்பட்டறையும். இங்கே தறி ஓட்டுபவர் வீட்டுப் பிள்ளை ஒன்று, கால்களில் பலகையைக் கட்டிக்கொண்டு பனிச்சரிவில் இறங்கப் பழகுமா என்று கேட்டால், பணம் இருந்தால் பழகும் என்பார்கள். அந்தப் பதில் பாதிதான் சரி. விடுதி வாடகையும் பயிற்சிக் கட்டணமும் கட்டமுடிந்தவர்களைச் சுற்றுலா மலைக்குக் கொண்டுபோனது உண்மை. கட்டமுடியாத சமவெளி இளைஞர்களுக்கு அந்த மலையைத் திறந்துவிட்டது சீருடை அணிந்த மாணவர் குழு. நம் ஊர்களில் இந்த வரலாறு போதிய அளவு பேசப்படவில்லை.

இந்தியாவில் பனிச்சறுக்கு ஆங்கிலேய அதிகாரிகளின் விடுமுறைப் பொழுதுபோக்காகத்தான் வேர்விட்டது. 1927-இல் காஷ்மீரின் குல்மார்க்கில் இந்திய ஸ்கீ கிளப்பைத் தொடங்கியவர்கள் இரண்டு ராணுவ அதிகாரிகள். சுதந்திரத்துக்குப் பிறகு காஷ்மீரில் மூண்ட போர் அந்த விளையாட்டைத் தேவையாக மாற்றியது. 1948-இல் தளபதி திம்மையாவின் முயற்சியால் அதே குல்மார்க்கில் ராணுவத்தின் ஸ்கீ பள்ளி உருவானது. பிற்காலத்தில் அதுவே உயர்மலைப் போர்ப் பள்ளியாக வளர்ந்தது. அதே 1948 ஜூலையில், குன்ஸ்ரு குழுவின் பரிந்துரையை ஒட்டி, தேசிய மாணவர் படை தொடங்கியது; மறு ஆண்டே மாணவியர் பிரிவும் வந்தது. எவரெஸ்ட் ஏறப்பட்ட மறு ஆண்டான 1954-இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனமும், 1965-இல் உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனமும், 1960களின் இறுதியில் குல்மார்க்கில் மத்திய சுற்றுலாத் துறையின் ஸ்கீ பயிற்சி நிறுவனமும் எழுந்தன. டார்ஜிலிங்கில் களப்பயிற்சிக்குத் தலைமை ஏற்றவர் டென்சிங் நார்கே. பனியில் கற்றுத்தர இவ்வளவு இடங்களை அரசு கட்டியிருந்தபோது, ஊர்தோறும் கல்லூரிகளில் சீருடையுடன் மாணவர்கள் அணிவகுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாணவர்களில் சிலரைப் பயிற்சிக்குத் தேர்ந்து அனுப்பும் வழக்கம் உருவானபோது இரண்டும் இணைந்தன.

தமிழ்நாட்டிலிருந்து எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மாணவர் படை இங்கே சாகசத்தின் வாசலாக அறிமுகமாகவில்லை, கட்டாயமாகத்தான் வந்தது. 1962-இல் சீனாவுடன் நடந்த போருக்குப் பின், 1963-இல் அது கல்லூரிகளில் கட்டாயமானது. கிடைத்தது வெயிலில் அணிவகுப்பு, கட்டளைகளோ இந்தியில். 1965-இன் மொழிப் போராட்டம் கண்ட மாநிலத்தில் இது சிறிய விஷயமல்ல. 1968 ஜனவரி 23 அன்று அண்ணாவின் அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றிய இருமொழித் தீர்மானம், மாணவர் படையின் இந்திக் கட்டளைச் சொற்களையும் நீக்கக் கோரியது. அந்தக் கோரிக்கை நியாயமானது என்றே கருதுகிறேன். ஓடு, நில், திரும்பு என்பதைத் தனக்குத் தெரிந்த மொழியில் கேட்க ஒரு மாணவனுக்கு உரிமை உண்டு. ஆனால் அன்று எதிர்க்கப்பட்டது கட்டளையின் மொழி. மாணவர்கள் சேர்ந்து பயில்வதை யாரும் எதிர்க்கவில்லை. அதே ஆண்டில் கட்டாயமும் நீங்கியது. விரும்பி வருபவர்களை நம்பித்தான் இனிப் படை நடக்கவேண்டும் என்றானபோது, அணிவகுப்பைத் தாண்டி எதையாவது தரவேண்டிய தேவை அதற்கு வந்தது. மலையேற்றமும் பாராசூட்டும் பனிச்சறுக்கும் அதன் பயிற்சிகளில் பெற்ற இடத்தை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். 2013-இல் மாணவர் குழுவும், 2016-இல் மாணவியர் குழுவும், 2025 மே மாதத்தில் மற்றொரு குழுவும் எவரெஸ்ட் உச்சியை எட்டின.

செலவைப் பகிர்ந்துகொள்ள மட்டும் குழு உதவுவதில்லை. விழுந்து கற்கவும் உதவுகிறது; ஒற்றைப் பலகையில் சறுக்கும் ஸ்னோபோர்டில் அது தெளிவாகத் தெரியும். ஸ்னோபோர்டு ஸ்கீயைவிட வயதில் இளையது: 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீகளைச் சேர்த்துப் பிணைத்ததில் பிறந்து, 1998-இல் நாகனோ ஒலிம்பிக்கில் நுழைந்தது. ஸ்கீயில் கால்கள் தனித்தனியே அசையும், கையில் ஊன்றுகோல் இருக்கும். ஸ்னோபோர்டில் இரண்டு கால்களும் ஒரே பலகையில் பக்கவாட்டாகப் பூட்டப்படுகின்றன, ஊன்றுகோல் கிடையாது. குதிகால் பக்க விளிம்பும் விரல் பக்க விளிம்பும்தான் பிரேக். சரிவை நோக்கியுள்ள விளிம்பு பனியில் சிக்கிவிட்டால் ஆள் தூக்கியெறியப்படுவார். முதல் நாட்களில் மணிக்கட்டும் இடுப்பும்தான் அதிகம் அடிபடுகின்றன. பணம் கட்டித் தனியே வந்தவர் அந்த வலியோடு அறைக்குத் திரும்பிவிடலாம். பயிற்சிக் குழுவில் பக்கத்தில் இருப்பவரும் அதே மாதிரி விழுந்து எழுகிறார், அவருடைய தவறு கண்முன்னே நடக்கிறது, மறுநாள் காலை வரிசையில் எல்லோரும் நிற்கவேண்டும். பனியையே பார்த்திராத ஊர்க்காரருக்கு இந்த ஒழுங்கு பெரிய துணை.

காவிரிக்கரைப் பிள்ளைக்கு இது எதற்கு, ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ நடைபயணம் போனால் போதாதா என்று கேட்கலாம். அந்த நடைபயணங்கள் நல்லவையே. ஆனால் பயன் இருக்கிறதா என்ற கேள்வியைச் சமவெளி ஏழையிடம் மட்டும் கேட்பது சரியல்ல. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பனிச்சரிவில் இறங்கும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. இடங்கள் மிகக் குறைவு என்ற குறைதான் எனக்கு உண்மையாகப் படுகிறது. லட்சக்கணக்கானோர் கொண்ட படையில் பனிமலைப் பயிற்சி கிடைப்பவர்கள் ஒரு சிறு பகுதியினரே. 2020-இல் குல்மார்க்கில் முதல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் நடந்தபோது ஸ்னோபோர்டும் போட்டியாக இருந்தது; போட்டி வளர வளர, ஏற்கெனவே சொந்தச் செலவில் பழகியவர்களையே தேர்வு தேடும் அபாயமும் வளர்கிறது. மாணவர் படைக்கான இடங்களில் ஒரு பங்கை, பனியை இதுவரை பார்க்காத மாவட்டங்களின் மாணவர்களுக்கென்று ஒதுக்கி, அவர்களுடன் தமிழில் விளக்கக்கூடிய ஒரு பயிற்றுநரையும் அனுப்பவேண்டும். தமிழில் விளக்கும் பயிற்றுநர் என்பது 1968-இல் வைத்த மொழிக் கோரிக்கையின் தொடர்ச்சிதான்.