லீனா ராட்கே

லீனா ராட்கே (18 அக்டோபர் 1903 – 14 பிப்ரவரி 1983) ஜெர்மனியின் நடுத்தூர ஓட்ட வீராங்கனை. பெண்களுக்கான ஒலிம்பிக் 800 மீட்டர் ஓட்டத்தில் முதன்முதலில் வென்றவர். தடகளத்தில் ஜெர்மனிக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்தவரும் இவரே.

கார்ல்ஸ்ரூவே நகரில் பிறந்த இவரது இயற்பெயர் கரோலினே பாட்சாவர். பயிற்சியாளர் கேயார்க் ராட்கேயை மணந்து, அன்று ஜெர்மனியிலிருந்த பிரெஸ்லாவில் (இன்றைய போலந்தின் விரோத்ஸ்வாஃப்) குடியேறினார். கணவரே பயிற்சியும் அளித்தார். 1928 ஜூனில் ஸ்வீடனின் இங்கா யென்ட்ஸெல் 800 மீட்டரை 2 நிமிடம் 20.4 நொடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அது நீடித்தது சில நாள்களே. ஜூலை 1 அன்று பிரீக் நகரில் ராட்கே அதை 2:19.6 ஆகக் குறைத்தார்.

பெண்களின் தடகளத்தைச் சர்வதேச ஒலிம்பிக் குழு எளிதில் ஏற்றுவிடவில்லை. பிரான்சின் அலீஸ் மில்லியா 1922இல் பாரிசில் பெண்களுக்கென்று தனி விளையாட்டுப் போட்டியையே நடத்திக் காட்டிய பிறகுதான், 1928 ஆம்ஸ்டர்டாமில் ஐந்து போட்டிகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் நீண்ட ஓட்டம் 800 மீட்டர்.

ஆகஸ்ட் 2 அன்று நடந்த இறுதியோட்டத்தில் ஒன்பது பேர் ஓடினர். ராட்கே 2:16.8 என்ற புதிய உலகச் சாதனையுடன் முதலாவதாக வந்தார். 100 மீட்டரில் இறுதிச்சுற்றை எட்டாத ஏமாற்றத்தோடு இதில் இறங்கிய ஜப்பானின் கினுயே ஹிதோமி இரண்டாமிடமும், யென்ட்ஸெல் மூன்றாமிடமும் பெற்றனர். கனடாவின் ஜீன் தாம்சனும் ஃபேனி ரோஸன்ஃபெல்டும் அடுத்தடுத்து வந்தனர்.

மறுநாள் செய்தித்தாள்கள் எழுதியது வேறொரு பந்தயத்தைப் பற்றியது போலிருந்தது. பதினொரு பேர் ஓடியதாகவும், ஐவர் பாதியில் நின்றுவிட்டதாகவும், எஞ்சியவர்களும் மயங்கி விழுந்ததாகவும் எழுதப்பட்டது. ஓடியவர்கள் ஒன்பது பேர்; ஒன்பது பேரும் ஓடி முடித்தனர். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் களைப்பில் விழுவது ஆண்களின் ஓட்டத்திலும் வழக்கம்தான். அதை எந்த நிருபரும் மருத்துவப் பிரச்சினையாக்கியதில்லை. ஆனால் பெண்களை விலக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்த அதிகாரிகளுக்கு அந்தக் கட்டுக்கதை போதுமானதாயிற்று. 1932 முதல் 1956 வரை எந்த ஒலிம்பிக்கிலும் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம் கிடையாது. 800 மீட்டர் 1960இல் ரோமில்தான் திரும்பியது. சோவியத் ஒன்றியத்தின் லுட்மிலா ஷெவ்ட்சோவா 2:04.3இல் வென்றார்.

ராட்கேயின் சாதனையை 1944இல் ஸ்வீடனின் அன்னா லார்சன் 2:15.9 ஓடி முறியடித்தார். பதினாறு ஆண்டுகள் அது நின்றதற்கு ராட்கேயின் வேகத்தைப் போலவே, பெண்களுக்கு இத்தூரம் ஓடும் வாய்ப்பு அருகிப்போனதும் காரணம்.

1930இல் பிராகில் நடந்த மகளிர் உலக விளையாட்டில் 800 மீட்டரில் இங்கிலாந்தின் கிளாடிஸ் லன்னிடம் தோற்று ராட்கே இரண்டாமிடம் பெற்றார். பின்னாளில் கார்ல்ஸ்ரூவேக்கே திரும்பி அங்கேயே காலமானார்.