காவலன் ஏவலும் கள்வன் சூழ்ச்சியும்

மதுரையில் கோவலனைக் கொல்லும் அதிகாரம் பொற்கொல்லனுக்கு இருந்ததில்லை. அவன் வாளை உருவவும் இல்லை. அதிகாரம் உடைய ஒருவன் செவியில் ஒரு சொல்லைப் போட்டான், அவ்வளவே. கோவலன் முகத்தைக் கண்ட காவலருள் சிலர் ஐயுற்றனர் என்பதையும் இளங்கோவடிகள் காட்டியிருக்கிறார். எனினும் ஆணை அரசன் பெயரால் வந்தது. அப்பெயருக்குப் பின்னால் நின்றவன் எவன் என்று எவரும் வினவவில்லை. சிலப்பதிகாரம் கற்பிக்கும் நாம் இதனை ஊழ்வினை என்று மாணவர்க்கு விளக்குகிறோம். கணினிப் பாதுகாப்புத் துறையினரோ இத்தகைய கேட்டிற்கு வேறொரு பெயர் சூட்டியுள்ளனர்.

1988ஆம் ஆண்டில் நார்ம் ஹார்டி என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அவர் பணியாற்றிய டைம்ஷேர் நிறுவனத்தில், நிரல்களை மொழிபெயர்க்கும் ஒரு மென்பொருளுக்கு, தன் புள்ளி விவரங்களைக் குறித்து வைப்பதற்காகக் காப்புடைய ஓர் இடத்தில் எழுதும் உரிமை தரப்பட்டிருந்தது. வாடிக்கையாளர்க்குரிய கட்டணக் கணக்கும் அவ்விடத்திலேயே இருந்தது. பயனர் ஒருவர், தமக்கு வரவேண்டிய வெளியீட்டை எழுதும் கோப்பின் பெயராக அக்கணக்கின் பெயரையே கொடுத்தார். மென்பொருள் தன் உரிமையைக் கொண்டு கணக்கை அழித்தெழுதியது. பயனருக்கு இல்லாத உரிமை ஏவலாளின் கை வழியே செயற்பட்டுவிட்டது. ஹார்டி இதனைக் ‘குழம்பிய பிரதிநிதி’ என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தார்.

இணையம் பரவிய பின்னர் இதே குறை புதிய உருக்கொண்டது. ஒரு சேவையகத்திடம் “இம்முகவரியில் உள்ள பக்கத்தைக் கொண்டு வா” என்று வெளியார் கேட்கலாம் என்றால், வெளியார் காண இயலாத உள் முகவரி ஒன்றையும் அவர்கள் கொடுக்கலாம் அன்றோ? ஆங்கிலத்தில் ‘செர்வர் சைட் ரிக்வெஸ்ட் ஃபோர்ஜரி’ எனப்படும் இதனைச் சேவையகத்தின் வாயிலாகப் பொய்க்கோரிக்கை விடுத்தல் எனலாம். தோட்டத்தில் வாழ்ந்தோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. துரை பங்களாவின் வாயிலை அயலார் கடக்க முடியாது. ஆபீசுப் பையன் கையில் சீட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினால் அது தடையின்றி உள்ளே போகும்.

உலகம் இதன் கொடுமையை உணர்ந்தது 2019ஆம் ஆண்டு ஜூலையில். அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி, அமேசான் நிறுவனத்தின் மேகக் கணினிகளைப் பயன்படுத்தி வந்தது. அங்குள்ள ஒவ்வொரு கணினியும் 169.254.169.254 என்னும் முகவரியில் தன் சொந்தத் தகவல்களைக் கேட்டுப் பெறும். தற்காலிகச் சாவிகளும் அங்கேயே கிடைக்கும். வெளியிலிருந்து அம்முகவரியை எட்ட முடியாது. ஆனால் பிழையாக அமைக்கப்பட்டிருந்த தடுப்புச் சுவரையே ஏவி அச்சாவிகளைக் கொண்டுவரச் செய்தார் ஊடுருவியவர். காவற்சுவரே தூது சென்ற விந்தை இது! அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர், கனடாவில் 60 இலட்சம் பேர் ஆகியோரின் விவரங்கள் களவு போயின. வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அமேசான் புதிய முறையொன்றைக் கொணர்ந்தது: முதலில் தனிவகைக் கோரிக்கை ஒன்றால் அடையாளச் சீட்டைப் பெற்ற பின்னரே எதையும் கேட்கலாம். வெறும் முகவரியை மட்டும் கொடுத்து ஏவுவோரால் இச்சீட்டைப் பெறுவது அரிது. 2021இல் ஓவாஸ்ப் அமைப்பு வெளியிட்ட பத்துப் பெருங்குறைகளின் பட்டியலில் இக்குறை பத்தாம் இடம் பெற்றது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. அடுத்த ஆண்டிலேயே செயற்கை நுண்ணறிவு உரையாடு மென்பொருள்களைச் சொந்தக் கணினியில் நிறுவி நடத்தும் வழக்கம் பரவலாயிற்று. ஒல்லாமா, ஓபன் வெப்யூஐ, லிப்ரேசாட் முதலியன இவ்வகையின. மாணவர் எழுதுவது வெளிநாட்டு நிறுவனத்தின் கைக்குப் போகக்கூடாது என்று கருதும் பள்ளிக்கு இம்முறை உகந்தது. அந்நோக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் வீட்டுக்குள் இருப்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது என்று எண்ணுவது தவறு. நெக்ஸ்ட்சாட் என்னும் மென்பொருளில் இத்தகைய ஓட்டை இருந்தது 2024 மார்ச்சில் உலகறியத் தெரிந்தது.

உரையாடு மென்பொருளில் இவ்விடர் ஒருபடி கூடுதலாகும். பயனர் கேட்டால் அது வலைப்பக்கத்தைப் படிக்கும், படத்தை எடுத்துவரும், வேறு கருவிகளையும் இயக்கும். பயனர் நல்லவராகவே இருக்கலாம். அவர் படிக்கக் கொடுத்த ஆவணத்துள் அயலான் ஒருவன் ஒளித்து வைத்த கட்டளையையும் மென்பொருள் ஆணையாகக் கொண்டுவிடக்கூடும். பொற்கொல்லன் அவைக்கு வரவேண்டிய தேவைகூட இல்லை. ஓலை மட்டும் வந்தால் போதும்.

1877இல் ரப்பர்க் கன்று நடப்பட்ட கோலா கங்சாரிலே, ஒரு தமிழ்ப்பள்ளி தன் அலுவலக அறையில் இத்தகைய கணினி ஒன்றை வைத்திருப்பதாகக் கொள்வோம். அதே இணைப்பில் மதிப்பெண் பதிவுகள் உள்ள கணினியும், கண்காணிப்புக் கேமராவும், 192.168 என்று தொடங்கும் முகவரியில் இணையக் கருவியின் அமைப்புப் பக்கமும் இருக்கும். பிள்ளைகளின் மைகிட் எண்கள் இருக்கும் இடமும் அதுவே. ஒல்லாமாவோ இயல்பாகக் கடவுச்சொல் கேட்பதில்லை.

காப்பது எவ்வாறு? தடை செய்யப்பட்ட முகவரிகளின் பட்டியலை மட்டும் நம்புவது போதாது. 127.0.0.1 என்னும் தன்முகவரியை 2130706433 என்று ஒரே எண்ணாகவும் எழுதலாம், பட்டியல் ஏமாந்துவிடும். பெயரைச் சரிபார்க்கையில் ஒரு முகவரியும், இணைக்கையில் வேறொரு முகவரியும் தரும் தந்திரமும் உண்டு. ஆதலின் பெயரை எண்ணாக மாற்றிச் சோதித்து, சோதித்த அதே எண்ணுடன்தான் இணைய வேண்டும். ஒரு பக்கம் மற்றொரு பக்கத்திற்குத் திருப்பிவிடும் ஒவ்வொரு முறையும் சோதனையை மீண்டும் செய்தல் வேண்டும். இயன்றவிடத்துச் செல்லத்தக்க தளங்களை மட்டும் அனுமதித்தல் இதனினும் நன்று. உள்வலை முகவரிகளை எடுத்துவரத் தடை விதிக்கும் அமைப்பு ஓபன் வெப்யூஐயில் உண்டு. எவரும் அதை அவசரத்தில் தளர்த்திவிடலாகாது.

இவை யாவும் மென்பொருளுக்குள் இருக்கும் காவல். என் கருத்தில் அவற்றினும் வலியது வெளிக்காவலே. உரையாடு மென்பொருளைத் தனி வலையில் ஒதுக்கி வைத்து, அங்கிருந்து மதிப்பெண் கணினிக்குச் செல்லும் வழியையே அடைத்துவிட்டால், எவன் ஏவினும் அது போக இடமில்லை. இதற்கு வேண்டுவது ஓர் இணையக் கருவியும், அதை அமைக்கத் தெரிந்த ஒருவரின் ஒரு பிற்பகற் பொழுதுமே.