வருஷா வருஷம் பெயர் மாறிய கொட்டகை

டிசம்பர் 31-ஆம் தேதி நள்ளிரவில் தன் பெயரை மாற்றிக்கொள்ளும் நாடகக் கொட்டகை ஒன்று இருந்தது. 1947-ல் அது 'தியேட்டர் 47'. மறு வருஷம் 'தியேட்டர் 48'. அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்து டல்லாஸ் நகரில் அதை ஏற்படுத்திய பெண்மணி மார்கோ ஜோன்ஸ். நடக்கிற வருஷத்தை மறந்துவிட்டுப் பழம் நாடகங்களையே கட்டிக்கொண்டு அழக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

1911-ல் டெக்சாஸில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அந்நாளில் நாடகம் என்றால் நியூயார்க்தான். நடிகன், பணம், விமரிசகன் எல்லாம் அங்கே. 1945-ல் டென்னஸி வில்லியம்ஸின் 'கிளாஸ் மெனாஜரி' அங்கே அரங்கேறியபோது அதன் இரண்டு டைரக்டர்களில் இவர் ஒருவர். பிறர் அங்கேயே கடை விரித்திருப்பார்கள். இவரோ டல்லாஸுக்கு மூட்டை கட்டினார்!

கிடைத்தது பொருட்காட்சி மைதானத்தில் ஒரு பழைய கட்டடம். 198 ஆசனங்கள். நடுவில் மேடை, நாற்புறமும் ஜனங்கள். திரை கிடையாது, எழுதிய படுதா கிடையாது. விளக்கை அணைப்பார்கள், இருட்டில் நடிகர்கள் வந்து நிற்பார்கள், விளக்கு எரிந்தால் காட்சி ஆரம்பம். செலவும் மிச்சம்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. அங்கே அவர் போட்ட 85 நாடகங்களில் 57 புத்தம் புதியவை. பேர் தெரியாதவன் எழுதியதை நம்பிப் பணம் போடுவது லேசான காரியமா? எழுதிப் பிழைக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். முதல் நாடகமே, அதுவரை யாரும் சீந்தாத வில்லியம் இன்ஜ் எழுதியது.

பிறகு 'இன்ஹெரிட் தி விண்ட்' வந்தது. பரிணாமக் கொள்கையைக் கற்பித்த பள்ளி ஆசிரியர் மீது டென்னஸி மாகாணத்தில் 1925-ல் நடந்த வழக்குதான் கதைக்கு மூலம். மெக்கார்த்தியின் பயம் ஊரை ஆட்டிய காலம். நியூயார்க் தயாரிப்பாளர்கள் கையை விரித்துவிட்டார்கள். பைபிளைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் டல்லாஸில், 1955 ஜனவரி 10-ல், மார்கோ மேடையேற்றினார். ஜனங்கள் கல்லெறியவில்லை, கை தட்டினார்கள். ஏப்ரலில் நியூயார்க்கே அந்த நாடகத்தை வரவழைத்துக்கொண்டது.

அந்த ஜூலையில், கம்பளத்தைச் சுத்தம் செய்யப் போட்ட கார்பன் டெட்ராகுளோரைடு மருந்தின் ஆவியைச் சுவாசித்து அவர் இறந்துபோனார். வயது 43. நாடகம் நியூயார்க்கில் 806 தடவை நடந்தது. டல்லாஸ் கொட்டகையை 1959-ல் மூடினார்கள்.